உணவுப் பொட்டலமும் வாங்குவோர் மனமும்

விளைபொருளை நன்றாக விளைவிப்பதோடு குடியானவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை வாங்குவோர் எதை விரும்புகின்றனர், எதை வெறுக்கின்றனர் என்பதை அறிந்து, அதற்கேற்பப் பக்குவம் செய்து சந்தைக்கு அனுப்புவதும் விவசாயத்தின் ஒரு பகுதியேயாகும். சென்ற ஐம்பது அறுபது வருஷங்களில் உணவுப் பொருள்களைப் பொதியும் முறையில் நேர்ந்துள்ள மாறுதல் மிகப் பெரிது. முன்னர் வாழையிலையிலும், மந்தாரையிலையிலும், பனையோலைக் கொட்டானிலும், சணல் சாக்கிலும் சென்ற சரக்குகள் இப்பொழுது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைகளில் செல்கின்றன. உறையின் பிரயோஜனமோ கடையிலிருந்து அடுக்களைக்குச் செல்லும் வரையில்தான். அதன் பின்னர் அது குப்பை. அக்குப்பை காற்றினாலும் மழைநீரினாலும் அடித்துச் செல்லப்பட்டு, வாய்க்கால்களிலும் வயல்களிலும் வந்து தங்குகிறது. ஆகவே, பட்டணத்தில் ஒருவர் கடை முன்னே நின்று செய்யும் தீர்மானம் கிராமத்து நிலத்தையும் கால்நடையையும் பாதிக்கிறது. வாங்குவோர் இவ்விஷயத்தில் என்ன நினைக்கின்றனர், என்ன செய்கின்றனர், இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமைக்குக் காரணம் யாது என்பவற்றை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்வது நலம்.

பசுவின் வயிற்றில் 52 கிலோ

2019-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், சென்னைக்கு அருகிலுள்ள திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு கால்நடை மருத்துவ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு ரணசிகிச்சை செய்த வைத்தியர்கள் அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். பசு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் உறைக்குள் இட்டு, முடிந்து, வீதியில் எறிவது பட்டணத்து வழக்கமாகிவிட்டது. முடிச்சை அவிழ்க்க இயலாத பசு, உணவின் வாசனையை நாடி உறையோடு விழுங்கிவிடுகிறது. விழுங்கிய உறை ஜீரணமாவதுமில்லை, சாணத்தோடு வெளிப்படுவதுமில்லை. முதல் இரைப்பையில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டியாகித் தீனிக்கு இடமில்லாமற் செய்கிறது. நாளடைவில் மாடு தீனி குறைந்து, பால் வற்றி, வயிறு உப்பி மெலிகிறது. உறையை எறிந்தவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் முழுவதும் மாட்டுக்கு உடையவரைச் சார்ந்தது.

நிலத்தின் கதியும் இதுவே. மண்ணில் புதைந்த உறை மக்குவதில்லை. வெயிலில் நைந்து, சிறு சிறு துணுக்குகளாகி, மண்ணோடு கலந்துவிடுகிறது. உழும்பொழுது கொழுவில் சுற்றிக்கொள்கிறது. விரிந்து கிடக்கும் இடத்தில் நீரைக் கீழே இறங்கவொட்டாமல் தடுக்கிறது. மதகுக் கண்களையும் வடிகால்களையும் அடைக்கிறது. வங்காள தேசத்தில் 1988-லும் 1998-லும் பெருவெள்ளம் நேர்ந்தபொழுது, பாலிதீன் பைகள் வடிகால்களை அடைத்துக்கொண்டது நீர் தேங்கி நின்றதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. அதன் மேல் அந்நாட்டு சர்க்கார் 2002-ல் மெல்லிய பாலிதீன் பைகளை அடியோடு விலக்கினர். உலகத்தில் இவ்வாறு விலக்கிய முதல் தேசம் அதுவே.

சொல்வதும் செய்வதும்

வாங்குவோரை அழைத்து, "பிளாஸ்டிக் உறை நல்லதா?" என்று வினவினால், தீது என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். அவர்களே மாலையில் கடைக்குச் செல்லும்பொழுது வெறுங்கையோடு சென்று, கடைக்காரர் கொடுக்கும் உறையில் காய்கறியை வாங்கி வருவர். இவ்வேற்றுமை ஒரு நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. எங்கெங்கு விசாரணை செய்யப்பட்டதோ அங்கெல்லாம் காணப்பட்டதேயாகும். இதைக் கொண்டு வாங்குவோரை வஞ்சகர் என்று எண்ணிவிடலாகாது. அவர் வாங்குவது உறையையன்று. அந்த உறை தரும் மூன்று நன்மைகளையே. முதலாவது, சரக்கு சுத்தமானது, பிறர் கைபடாதது என்ற நம்பிக்கை. இரண்டாவது, அளவு குறையாது என்ற நிச்சயம். மூன்றாவது, கெடாமலும் சிந்தாமலும் வீடு கொண்டுசேர்க்கும் சௌகரியம். இம்மூன்றையும் வேறு வழியில் அளிப்போர் கிடைத்தால், வாங்குவோர் உறையைக் கைவிடத் தயங்கமாட்டார். கிடையாவிடின், எத்தனை உபதேசம் செய்தாலும் உறையை விடமாட்டார்.

பால் இதற்கு நல்ல உதாரணம். பாத்திரத்தில் அளந்து ஊற்றிய காலத்தில், பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வாங்குவோர் மனத்தை விட்டு நீங்கியதேயில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் பாலைக் காய்ச்சிக் குளிரவைத்து, அளவும் தேதியும் அச்சிட்ட உறையில் அடைத்து விற்கத் தொடங்கிய பின்னர் அச்சந்தேகம் பெரிதும் நீங்கிற்று. சில மணி நேரத்தில் திரிந்துவிடக்கூடிய பால், தொலைவிலுள்ள பட்டணத்துக்குக் கெடாமற் செல்லவும் வழி பிறந்தது. இதனால் மாடு வளர்ப்போருக்கு உண்டான லாபம் சிறிதன்று. ஆகவே பிளாஸ்டிக் முழுவதும் தீது என்று கூறிவிடுதல் நியாயமாகாது. எங்கே அது இன்றியமையாதது, எங்கே அது வெறும் பழக்கம் என்று பகுத்தறிவதே முக்கியம். தமிழ்நாட்டு சர்க்கார் 25-6-2018-ல் பிறப்பித்த உத்தரவும் இப்பாகுபாட்டைக் கருதியே அமைந்தது. ஒரு முறை உபயோகித்து எறியக்கூடிய 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 1-1-2019 முதல் விலக்கிய அவ்வுத்தரவில், பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

சட்டம் வந்த பின்னர்

உத்தரவு அமுலுக்கு வந்த ஆரம்பத்தில் இறைச்சிக் கடைக்குப் பாத்திரத்தோடு செல்வோரும், சிற்றுண்டிச்சாலைகளில் வாழையிலைப் பொட்டலம் பெறுவோரும் பெருகினர். சோதனைகள் தளர்ந்த இடங்களில் பழைய உறை மெல்லத் திரும்பி வந்தது. கடைக்காரரை விசாரித்தால், "வாங்குவோர் கேட்கின்றனர்" என்பார். வாங்குவோரை விசாரித்தால், "கடைக்காரர் கொடுக்கின்றார்" என்பார். சிலர் பிளாஸ்டிக்கை நீக்குவதாக எண்ணிப் பலகாரங்களை அச்சடித்த பத்திரிகைத் தாளில் பொதியலாயினர். அச்சு மை உணவில் ஊறுவது உடலுக்குக் கேடு என்பதனால், 2018-ம் வருஷத்திய உணவுப் பொட்டல விதிகள் இதையும் தடுத்துள்ளன.

மத்திய சர்க்கார் வேறொரு வழியையும் கையாண்டனர். கடைகளில் கொடுக்கப்படும் பைகளின் கனம் 30-9-2021 முதல் 75 மைக்ரானுக்கும், 31-12-2022 முதல் 120 மைக்ரானுக்கும் குறையக்கூடாதென்று விதித்தனர். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடித்த பைக்கு விலை அதிகமாதலால் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கமாட்டார். வாங்கியவரும் ஒரே நாளில் எறியமாட்டார். எறிந்தாலும் பொறுக்குவோருக்கு எடை கிடைப்பதால் அது தெருவில் தங்காது. இது விதியின் கருத்து.

விலை மனத்தை மாற்றும் என்பதற்கு அயர்லாந்து தேசம் சான்று பகர்கிறது. அங்கே 2002-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி வாங்குவோரிடமே வசூலிக்கப்பட்டது. அதற்கு முன் ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்கு 328 பைகள் செலவாகிக்கொண்டிருந்தன. வரி வந்த பின்னர் அது 21 பைகளாகக் குறைந்தது. வரி அற்பமானதே. ஆயினும், இலவசமாக வந்த ஒன்றுக்குக் காசு கொடுக்கவேண்டும் என்றவுடன் வீட்டிலிருந்தே பை கொண்டுவரும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

துணிப்பையின் கணக்கு

தமிழ்நாட்டில் 23-12-2021-ல் "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. கலியாண வீடுகளில் தாம்பூலம் இட்டுக் கொடுக்கும் மஞ்சள் துணிப்பை பழைய வழக்கமே. இடைக்காலத்தில் அதைக் கையில் ஏந்திச் செல்வது நாட்டுப்புறத்தான் என்று காட்டும் எனச் சிலர் கூச்சப்பட்டனர். அக்கூச்சத்தை நீக்குவதே இயக்கத்தின் பெரும்பணி. 10 ரூபாய் இட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு சந்தை போன்ற இடங்களில் வைக்கப்பட்டன.

ஆனால், துணிப்பையை வாங்கிவிட்டதனால் மாத்திரம் கடமை தீர்ந்துவிடாது. பருத்தி பயிரிடுவதற்கு நிலமும் நீரும் உரமும் மருந்தும் வேண்டியிருப்பதைப் பருத்தி விளைவிப்போர் நன்கறிவர். டென்மார்க்கு தேசத்து சர்க்கார் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பருத்திப்பை சீதோஷ்ணக் கேட்டின் விஷயத்தில் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால், குறைந்தது 52 தடவை உபயோகிக்கப்படவேண்டும். வாரச் சந்தைக்கு ஒரே பையை ஒரு வருஷம் கொண்டுசென்றால் 52 தடவையாகிறது. அதற்கு மேல் உபயோகிக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம். பத்துப் பைகளை வாங்கி மூலையில் எறிவோருக்கு லாபம் இல்லை, நஷ்டமே. கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் பொருளெல்லாம் கணக்கிலும் நல்லதாக இராது. நெதர்லாந்தில் தக்காளிச் சூப்பைப் பலவகைக் கலங்களில் வைத்துக் காட்டிச் செய்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. கலங்களைப் பற்றி வாங்குவோர் கொண்டிருந்த அபிப்பிராயம், அளந்து கண்ட முடிவோடு ஒத்துவரவில்லை என்பதே அதிலும் காணப்பட்டது.

மறுபடி உருக்கும் தொழில்

மறுசுழற்சி என்று வழங்கும் முறையைப் பற்றியும் வாங்குவோரிடையே தவறான எண்ணம் பரவியுள்ளது. உறையின் அடியில் மூன்று அம்புகள் சுற்றி வரும் முக்கோணக் குறியைக் கண்டவுடன், இது எப்படியும் மறுபடி உபயோகமாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். 1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலாளிபதிகளின் சங்கம் ஏற்படுத்திய அக்குறி, பிளாஸ்டிக்கின் இனத்தை 1 முதல் 7 வரையில் எண்ணிட்டுக் காட்டுவதற்கே ஏற்பட்டது. மறுபடி உருக்கப்படும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. உலகத்தில் 2015 வரையில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் மொத்தம் 830 கோடி டன் என்றும், அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது என்றும் 2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். அக்குப்பையில் நூற்றுக்கு 9 பங்கே மறுபடி உருக்கப்பட்டது. 12 பங்கு எரிக்கப்பட்டது. மிச்சம் 79 பங்கும் குப்பைமேடுகளிலோ நிலத்திலும் நீரிலுமோ தங்கிவிட்டது.

இதற்குக் காரணம் நெல் வியாபாரம் அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். ஒரே ரகமான, காய்ந்த, தூசியற்ற நெல்லுக்கு விலை உண்டு. பல ரகம் கலந்து, ஈரமும் பதரும் சேர்ந்த நெல்லுக்கு வியாபாரி விலை சொல்லத் தயங்குவார். பிளாஸ்டிக்கும் அவ்வாறே. பால் உறை ஒரே இனமான பாலிதீனால் ஆனது. அதைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்தால் பழைய சாமான் வியாபாரி எடைக்கு வாங்கிச் செல்கின்றார். வறுவல், பிஸ்கோத்து முதலிய தின்பண்டங்களின் பளபளப்பான உறைகளில் வெவ்வேறு இனப் பிளாஸ்டிக் தாள்களும் உலோகப் பூச்சும் ஒன்றன்மேலொன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது கடினமாகையால் அவற்றுக்கு விலை இல்லை. ஆகவே பொறுக்குவோரும் அவற்றைத் தொடுவதில்லை. வேலியோரங்களிலும் வாய்க்கால்களிலும் தின்பண்ட உறைகள் மிகுந்து கிடக்கும் மர்மம் இதுதான்.

விலையற்ற பிளாஸ்டிக்கின் ஒரு பகுதிக்கு மதுரை தியாகராஜர் எஞ்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் ஒரு வழி கண்டார். பிளாஸ்டிக்கைத் துண்டுதுண்டாக நறுக்கிச் சூடான ஜல்லியின்மேல் தூவ, அது உருகி ஜல்லியின்மேல் படிகிறது. பின்னர் தார் கலந்து சாலை போடப்படுகிறது. 2002-ல் அக்கல்லூரி வளாகத்தில் முதலில் இவ்வாறு சாலை போட்டுப் பார்க்கப்பட்டது. பிறகு பல இடங்களிலும் இம்முறை கையாளப்பட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. இதற்கும் பிளாஸ்டிக் சுத்தமாகவும் உலர்ந்தும் சேகரிக்கப்படவேண்டும் என்பது நினைவில் இருத்தத்தக்கது.

காசு திரும்பினால் கலமும் திரும்பும்

நீலகிரி ஜில்லாவில் சர்க்கார் மதுக்கடைகளில் விற்ற கண்ணாடிப் புட்டிகள் காடுகளில் எறியப்பட்டு, உடைந்து, வனவிலங்குகளின் கால்களில் காயம் உண்டாக்கி வந்தன. சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவின் பேரில் 2022-ம் வருஷம் மே மாதம் முதல் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் அதிகமாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தவுடன் அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் பின்னர் விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பிற ஜில்லாக்களுக்கும் இவ்வேற்பாடு விஸ்தரிக்கப்பட்டது. வயலில் உடைந்த கண்ணாடியால் காயமுற்ற உழவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஜெர்மனியிலும் 2003 முதல் ஒரு முறை உபயோகிக்கும் பானப் புட்டிகளுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை நடைபெற்று வருகிறது. புட்டியை எறிந்தவர் திடீரென்று தரும சிந்தை உடையவராகிவிட்டார் என்பதன்று. எறிந்தால் காசு போகும் என்பதை உணர்ந்தார் என்பதே. அம்முறை உணவு உறைகளுக்கும் பொருந்துமாறு அமைக்கக்கூடியதே.

விளைவிப்போர் செய்யத்தக்கவை

(1) இயற்கையிலேயே தோலுடைய காய்கனிகளுக்கு மேலும் ஓர் உறை அவசியமா என்பதை ஆராயவேண்டும். பிரிட்டனில் "ராப்" என்னும் ஸ்தாபனம் ஆப்பிள், வாழைப்பழம், பிராக்கோலி, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகிய ஐந்தையும் ஆராய்ந்து 2022-ல் முடிவு வெளியிட்டது. உறையில் அடைத்ததனால் அவை நீடித்து இருந்தன என்று பொதுவாகக் கூறுவதற்கில்லை என்றும், உறையில்லாமல் உதிரியாக விற்றால் வாங்குவோர் தமக்கு வேண்டிய அளவே வாங்கி வீணாக்காமல் உபயோகிப்பர் என்றும் அதில் கண்டனர். காயை நீடித்து வைப்பது உறையைக் காட்டிலும் அடிபடாத அறுவடையும் நிழலும் குளிர்ச்சியுமே.

(2) அளவிலும் சுத்தத்திலும் நம்பிக்கை உண்டாக்கவேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விலையை எழுதி வைத்து, சரியான தராசில் நிறுத்துக் கொடுப்பதால், வாங்குவோர் கூடையும் பையும் எடுத்து வருகின்றனர். அழுகலையும் மண்ணையும் நீக்கித் தரம் பிரித்துச் சரக்கைக் கொண்டுசெல்லும் குடியானவரிடம் உறை எங்கே என்று ஒருவரும் வினவுவதில்லை.

(3) கருப்பட்டி, வெல்லம், மிட்டாய் முதலியவற்றுக்குப் பனையோலைப் பெட்டி ஏற்றது. பெட்டியே சரக்கின் ஊரையும் உண்மையையும் எடுத்துக் கூறுவதால், வாங்குவோர் சற்று விலை கூடுதலாகக் கொடுக்கவும் இசைவர். ஓலை முடையும் குடும்பங்களுக்கும் இதனால் ஜீவனம் உண்டு. வாழை பயிரிடுவோர் இலையையும் ஒரு விளைபொருளாகக் கருதி, கிழியாமல் அறுத்துச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு அனுப்பலாம்.

(4) பூச்சிமருந்து இருந்த புட்டியையும் டப்பாவையும் எக்காரணத்தைக் கொண்டும் உணவுப்பொருள் வைக்க உபயோகிக்கலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

2016-ம் வருஷத்திய பிளாஸ்டிக் குப்பை விதிகள் பட்டணங்களுக்கு மாத்திரமன்றிக் கிராமங்களுக்கும் பொருந்தும். அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு பஞ்சாயத்தைச் சார்ந்தது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்கச் செய்வது முதற்படி. பிரிக்காத குப்பையைத் தூய்மைக் காவலர்கள் எத்தனை தூரம் சுமந்தாலும் பயன் இல்லை. குப்பையைக் குவித்துக் கொளுத்துவது பெருந்தவறு. சில வகைப் பிளாஸ்டிக்குகள் எரியும்பொழுது டயாக்ஸின் போன்ற நஞ்சுகள் உண்டாகின்றன. வாரச் சந்தையைக் குத்தகைக்கு விடும்பொழுது, மெல்லிய உறைகளை விற்கக்கூடாதென்றும், சந்தை கலைந்தவுடன் மைதானத்தைச் சுத்தம் செய்து கொடுக்கவேண்டுமென்றும் நிபந்தனை சேர்க்கலாம். திருவிழாக்காலத் தண்ணீர்ப்பந்தல்களில் எறியும் குவளைகளுக்குப் பதிலாக உலோக டம்ளர்களை வைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். தினந்தோறும் காலையில் குடியானவர்கள் கூடும் இடமாகிய பால் சங்கத்திலேயே, கழுவி உலர்த்திய உறைகளைப் பெற்றுக்கொள்ள ஒரு மூலை ஒதுக்கினால், அவற்றை மொத்தமாக எடைக்கு விற்றுக் கிடைக்கும் சிறு தொகை சங்கத்துக்கே உதவும்.

குறை பட்டணத்தாருடையது என்று கிராமத்தார் கூறுவதிலும் முழு உண்மை இல்லை. சந்தையிலிருந்து திரும்பும் குடியானவரும் வாங்குவோரில் ஒருவரே. குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிய உறையை வண்டிப்பாதையில் எறிபவரும், விதை வந்த பையை வரப்பில் விட்டுச் செல்பவரும், மறு நாள் காலையில் அதே இடத்தில் மேயப்போவது தம்முடைய மாடு என்பதை நினைத்துப் பார்ப்பார்களாயின், இத்தீங்கில் பாதி அப்பொழுதே குறைந்துவிடும். மிச்சம் பாதி, நம்பிக்கையான சரக்கை நம்பிக்கையான அளவில் உறையில்லாமற் கொடுக்கும் விற்போராலும், பை கொண்டுவரும் வாங்குவோராலும், பிரித்த குப்பைக்கு விலை கிடைக்கச் செய்யும் பஞ்சாயத்துகளாலும் குறையக்கூடும்.